ஒரு சதுர மீட்டர் புல்: மலைப் புல்வெளியில் செடி கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் பக்கம் போகும்போது, பைன் மரங்களும் சீகை (வாட்டில்) மரங்களும் விலகி, திடீரென்று ஒரு மொட்டைச் சரிவு தெரியும். வண்டியில் இருக்கும் யாராவது ஒருவர், "இங்கே காட்டையே காணோமே, எல்லாத்தையும் வெட்டிட்டாங்க போல" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். சொன்னதோடு நிற்காமல், கல்லூரி நாட்களில் ஒரு குழுவோடு போய் அப்படிப்பட்ட சரிவில் பகல் முழுக்கக் குழி வெட்டி மரக்கன்றும் நட்டிருக்கிறேன். அந்தக் குழிகளிலிருந்து நாங்கள் வெட்டி எறிந்தது என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து, புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார முடிந்தால் போதும்.

போவதற்கு முன்பு

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: அந்தப் புல்வெளி அழிந்துபோன காடு அல்ல. நீலகிரி, கொடைக்கானல் இருக்கும் பழனி மலை, ஆனைமலை உச்சிகளில் பள்ளங்களில் சோலை எனும் அடர்ந்த மலைக்காடும், மேடுகளிலும் சரிவுகளிலும் புல்லும் சேர்ந்தே இருக்கும். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் மண்ணை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல் இருந்திருக்கிறது. அதாவது, மனிதன் கோடரியோடு ஏறுவதற்கு வெகு காலம் முன்பே.

புல் அங்கே நிலைத்ததற்கு உறைபனி ஒரு பெரிய காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவில் தரை வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மறுநாள் பகலில் வெயில் சுளீரென்று அடிக்கும். சோலை மரத்தின் கன்று இதைத் தாங்காது, நுனி கருகிச் செத்துவிடும். புல்லுக்கு வளரும் முனை தரையோடு தரையாக, பழைய தாள்களுக்குள் பொத்தி வைத்தது மாதிரி இருக்கும். மேலே எல்லாம் பழுத்து வைக்கோலாகிப் போனாலும், மழை விழுந்தால் அடியிலிருந்து மறுபடி பச்சை வரும். மாடு மேய்ந்தாலும் தீ ஓடினாலும் அது பிழைத்துக்கொள்வது இப்படித்தான். முடிந்தால் ஒரு ஜனவரி விடியலில், சூரியன் மேலே வரும் முன், போய்ப் பாருங்கள். மேட்டில் புல் தாள்களில் வெள்ளை பூத்திருக்கும். பத்தடி தள்ளிச் சோலைக்குள் நுழைந்தால் ஒரு பொட்டு வெள்ளை இருக்காது.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்லைப் பாழ் நிலம் என்று எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். விறகு வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு காகிதக் கூழுக்காகவும் இழைக்காகவும் அதே வேலை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1973இலும் 2014இலும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த 40 ஆண்டுகளில் போய்விட்டது என்று காட்டியது. ஆக, நீங்கள் உட்காரப் போவது மிஞ்சியிருக்கும் துண்டு ஒன்றில். அந்த நினைவோடு காலை வையுங்கள்.

இடமும் காலமும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முக்கூர்த்தி தேசியப் பூங்கா மாதிரி இடத்தைக் குறி வைக்காதீர்கள். அனுமதி எளிதில் கிடைக்காது. வரையாடுகளுக்காக ஒதுக்கிய இடத்தில் நாம் பழகிப் பார்க்கவும் தேவையில்லை. கொடைக்கானல் மலையிலும் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம்தான். எனவே வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேர், எதையும் பிடுங்க மாட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். தெரிந்தவர் நிலத்தில் ஒரு துண்டுப் புல் மிச்சம் இருந்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வெளியூர் வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், மறக்காதீர்கள்.

நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். பழனி மலைக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. பூ பார்க்க ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஆனால் புல்லை அடையாளம் காண அது கதிர் விட்டிருக்க வேண்டும். அதற்காக அதே இடத்துக்கு மழை ஓய்ந்த பிறகு இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.

பையில் என்ன

நான்கு மீட்டர் கயிறு, நான்கு முளைக்குச்சி. கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சு. விரித்தால் ஒரு சதுர மீட்டர். இதற்காகக் கடையில் எதையும் தேட வேண்டாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். மூடுபனியில் தாள் நமுத்துவிடும், பேனா ஓடாது. மழைக்கோட்டு, தண்ணீர், தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் சாக்கு.

கிளம்புமுன் வீட்டிலேயே செருப்பையும் ஷூவையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கால்சட்டை மடிப்பையும் உதறுங்கள். சமவெளியின் பார்த்தீனிய விதை மலைக்கு ஏறுவது நம் காலில்தான். இதைச் சொல்லும்போது பலர் சிரிப்பார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தனியாகப் போகாதீர்கள். காட்டெருமை புல்வெளிக்கு மேய வரும், பார்க்கச் சாதுவாக நிற்கும். நூறடிக்குள் வந்துவிட்டால் சாமானைப் போட்டுவிட்டு, ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள்.

சதுரத்தைப் போடுவது

பூ நிறைய இருக்கும் இடத்தைப் பார்த்ததும் கயிற்றை அங்கே விரிக்கக் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் அது கணக்கெடுப்பு ஆகாது. ஒரு பாறையை அடையாளமாக வைத்து, அங்கிருந்து எத்தனை அடி நடப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முப்பது என்றால் முப்பதாவது அடியில் கால் எங்கே விழுகிறதோ அங்கே முதல் முளை. சரிவுக்கு மேல் பக்கமாகச் சுற்றிப் போய், சதுரத்துக்கு வெளியே உட்காருங்கள். உள்ளே காலோ கையோ ஊன்றக் கூடாது.

முதல் பத்து நிமிடம் எதையும் எழுத வேண்டாம். முதலில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். கண் பழகப் பழக, ஒன்று நீலம் கலந்த பச்சை, ஒன்றில் மயிர், ஒன்று கம்பி மாதிரி மெல்லிசு, ஒன்று தரையில் ரோஜா இதழ் அடுக்கினதுபோல் படுத்திருக்கிறது என்று பிரிந்து வரும். அர்ஜென்டினாவில் ஒரு மலைப் புல்வெளியில் ஒரே சதுர மீட்டரில் 89 வகைச் செடிகளை எண்ணியிருக்கிறார்கள். இவ்வளவு சின்ன இடத்தை எடுத்துக்கொண்டால், பேர்போன மழைக்காடுகள்கூட மலைப் புல்வெளிக்குப் பின்னால்தான். நம் மலையில் உங்கள் சதுரத்தில் அத்தனை கிடைக்காது. ஆனால் நீங்கள் நினைத்ததைவிட நிச்சயம் கூடுதலாகக் கிடைக்கும்.

மூன்றாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு தண்டையும் விரல்களுக்கு இடையே வைத்து உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. உருண்டையாக, நடுவில் கணுக்களோடு இருந்தால் புல். மற்றவை அகல இலைச் செடிகள். இந்த மூன்று தலைப்பில் எழுதத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது.

புல்லில் அடுத்துப் பார்க்க வேண்டியது தாள், அதாவது அதன் இலை, தண்டைவிட்டுப் பிரியும் இடம். தாளை மெல்ல வெளியே வளைத்து அந்த மூலையில் லென்ஸை வையுங்கள். சிலதில் பூண்டுத் தோல் மாதிரி ஒரு சவ்வு நிற்கும், சிலதில் வெறும் மயிர் வரிசை. இரண்டு புல் ஒரே மாதிரி தெரிந்தாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். கசக்கினால் எலுமிச்சை வாசம் வருவது சிம்போபோகன். கதிரைச் சுற்றிச் செம்பழுப்பு மடல்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் தெமேடா. வெயில் காயும் வறண்ட சரிவில், வேட்டியில் குத்திக்கொண்டு ஏறும் நீள முள்வால் விதை கண்ணில் பட்டால் அது ஹெட்டெரோபோகன். அதில் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முறுக்கியிருக்கும் வால் நனைந்து, மெதுவாகச் சுழன்று பிரியும். காய்ந்தால் திரும்ப முறுக்கிக்கொள்ளும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும்போது இப்படித் திருகித் திருகித்தான் விதை தன்னைத்தானே மண்ணுக்குள் நட்டுக்கொள்கிறது. கூட வரும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் காட்டினால் போதும், மறுமுறை அவர்களே கிளம்பி நிற்பார்கள்.

அகல இலைச் செடிகளில் ஈரமான பக்கங்களைக் கவனியுங்கள். இலை முழுக்கச் சிவந்த மயிர்களும், மயிர் நுனியில் பனித்துளி மாதிரி பசையும் தெரிந்தால் அழுகண்ணி. பசையில் ஒரு கொசு ஒட்டியிருக்கக்கூடும். மண்ணில் சத்து குறைவு என்பதால் பூச்சியைப் பிடித்துச் சாப்பிடுகிறது. வெளிர் ரோஜா நிறக் கதிராக நிற்கும் ஆர்க்கிட் ஒன்று தெரிந்தால், ஒரு பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வால்கள் கீழே தொங்கினால் அது சடைரியம். மழைக்காலம் முடிந்ததும் மேலே எதுவும் இருக்காது, மண்ணுக்குள் கிழங்காக ஒளிந்துகொள்ளும். மார்ச் மாதத்தில் "இங்கே ஒன்றுமே இல்லை" என்று குழி வெட்டுகிறவர் வெட்டுவது இந்தக் கிழங்கைத்தான். நாங்களும் அதைத்தான் வெட்டியிருப்போம்.

பெயர் தெரியாவிட்டால் நிற்க வேண்டாம். புல் 1, புல் 2, செடி 1 என்று எண் போட்டுக்கொண்டே போங்கள். தப்பான பெயர் எழுதுவதைவிட எண் எழுதுவது மேல்.

எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இதற்கு ஒரு சுலபமான அளவு உண்டு: விரல்கள் இல்லாமல் உங்கள் உள்ளங்கை ஏறக்குறைய பத்து சென்டிமீட்டருக்குப் பத்து. அது உங்கள் சதுரத்தில் ஒரு சதவீதம். புல் 1 எத்தனை உள்ளங்கை, வெறும் மண் எத்தனை, பாறை எத்தனை என்று மேலிருந்து கணக்கிடுங்கள். செடிகள் ஒன்றின்மேல் ஒன்று கவிந்திருப்பதால் மொத்தம் நூறைத் தாண்டலாம், தவறில்லை.

படம், பெயர்

ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு படம்: நிற்கிற இடத்தோடு முழுச் செடி, தாளும் தண்டும் சேரும் இடம், பூவோ கதிரோ நேராக, அதுவே பக்கவாட்டில். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் அளவு தெரியும். பிடுங்கிப் படம் எடுக்காதீர்கள்.

செடி, விலங்குப் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டிலும் போடலாம். பூச்செடிக்குச் செயலி சொல்லும் பெயர் ஓரளவு சரியாக வரும். புல்லுக்கு அதை நம்பாதீர்கள். ஆர்க்கிட் என்றால் இடத்தை மறைத்துப் பதிவேற்றுங்கள், கிழங்கு தோண்ட வருகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். சந்தேகம் தீராத புல்லுக்கு, செடிகளை உலர்த்திப் பெயரோடு வைத்திருக்கும் உலர்தாவரத் தொகுப்புதான் (ஹெர்பேரியம்) கடைசிப் புகலிடம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பழனி மலையின் செடிகளைத் தேடி அலைந்த பாதிரியார் கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கியது. முன்கூட்டிக் கடிதம் எழுதிவிட்டுப் படங்களோடு போங்கள்.

அப்புறம், அந்த மலையிலேயே வாழ்கிறவர்களைக் கேளுங்கள். நீலகிரியில் தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் ஒன்று சதுப்பில் வளர்கிறது, எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. உலகத்தில் நீலகிரியைத் தவிர வேறெங்கும் கிடையாது. சதுப்பு சுருங்கச் சுருங்க அதுவும் குறைந்துகொண்டு வருகிறது. புல் போனால் கூரையும் போகும், கூரை வேயத் தெரிந்த கையும் போகும். மாடு மேய்க்கிறவரிடம் "இதை மாடு தின்னுமாண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் புல் எந்த மாதத்தில் இளசு, எது முற்றினால் மாடு தொடாது என்று அவர் சொல்வது ஏட்டில் கிடைக்காது. அவர் சொல்லும் பெயரை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது படங்களைப் பிரிண்ட் போட்டு அவருக்கும் ஒரு கட்டு கொடுங்கள்.

அந்நியரைத் தெரிந்துகொள்வது

சதுரத்திலும் அதைச் சுற்றி இருபது அடியிலும் வந்தேறிகளைத் தேடுங்கள். சீகையின் கன்று புளிய இலையைவிடப் பொடிசான இலைகளோடு இறகு மாதிரி இருக்கும். அதே குடும்பத்தில் கருமரச் சீகை என்று சொல்லத்தக்க மெலனாக்சிலான் ஒன்று உண்டு. அதன் கன்றில் அடியில் இறகு இலை, மேலே போகப் போக அரிவாள் மாதிரி தட்டையான முழு இலை என்று ஒரே செடியில் இரண்டும் இருக்கும், பார்த்தால் மறக்காது. ஊசிகள் மும்மூன்றாகத் தொங்கினால் பட்டுலா பைன். மஞ்சள் பூவோடு பச்சைக் குச்சிகள் விளக்குமாறு மாதிரி நின்றால் ஸ்காட்ச் புரூம், முள்ளோடு நின்றால் கார்ஸ். தரையில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து மற்ற புல்லை அமுக்குவது கிக்குயு புல். கீழ்ச் சரிவுகளில் உண்ணிச்செடி.

பார்த்ததும் பிடுங்கக் கை நீளும். கொஞ்சம் பொறுங்கள். மஞ்சள் பூ எல்லாம் புரூம் அல்ல. மைசூர் ஹைபெரிகமும் மஞ்சள்தான், அது இந்த மண்ணின் செடி. புல்லுக்கு நடுவே தனியாகக் கோணலாக நிற்கும் காட்டுப்பூவரசும் நம்முடையதுதான், உறைபனியையும் தீயையும் தாங்கும் அபூர்வ மரம். முதலில் எண்ணிக்கையும் உயரமும் எழுதுங்கள். பிடுங்க அனுமதி உண்டென்றால், மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் போங்கள். ஒரு கையால் சுற்றியுள்ள புல்லின் தூரை அழுத்திப் பிடித்து, மறுகையால் கன்றை அடியோடு பிடித்து நேராக இழுங்கள். வேர் முழுதாக வர வேண்டும். பெயர்ந்த மண்ணைக் கையால் அழுத்தி மூடுங்கள். மண்வெட்டி வேண்டவே வேண்டாம். கிளறிய மண்ணில்தான் அடுத்த சீகை முளைக்கும்.

பெரிய மரங்களை நாம் தொடக் கூடாது, அது வனத்துறையின் வேலை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டாலோ தீ வைத்தாலோ ஆயிரக்கணக்கில் முளைத்து வரும். வெட்டிவிட்டு, தொடர்ந்து பல வருடம் வந்து கன்று பிடுங்க ஆள் இல்லையென்றால் நிலைமை முன்பைவிட மோசமாகும். இன்னொன்றும் உண்டு. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதைப் பழனி மலையில் பார்க்கலாம். அங்கே எல்லாவற்றையும் வெட்டுவது சோலைக்கே கேடு. என்னைக் கேட்டால், திறந்த புல்லின் நடுவே தனித்தனியாக முளைத்திருக்கும் இளங்கன்றுகள்தான் முதல் வேலை. ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு விதைக் கிடங்கு. நல்ல புல்வெளியைக் காப்பது, போன புல்வெளியை மீட்பதைவிடப் பல மடங்கு எளிது.

மரம் நடும் விழாவுக்குக் கூப்பிட்டால் எங்கே என்று கேளுங்கள். புல்வெளி என்றால், நாட்டு மரமே ஆனாலும், வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள், நான் அன்று இருந்ததுபோல. அவர்களை ஒரு முறை சதுரத்துக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏதாவது நட்டே ஆக வேண்டும் என்றால், நாட்டுப் புல் வளர்க்கும் நாற்றங்காலில் போய்த் தூர் பிரித்து வைக்க உதவலாம். அந்தந்த மலையின் புல் அந்தந்த மலைக்கு மட்டும்.

திரும்பப் போவது

ஒரு முறை எண்ணுவது அறிமுகம். திரும்பப் போய் எண்ணும்போதுதான் அது கணக்கு ஆகிறது. முளைகளின் இடத்தைப் போனில் குறித்து, பக்கத்துப் பாறையையும் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதம், அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம். என் முதல் தாளில் புல் 4 வரைதான் இருந்தது. அடுத்த ஆண்டு புல் 7 வரை போனது. மலையில் புதிதாக மூன்று புல் முளைக்கவில்லை, என் கண்தான் தேறியிருந்தது. இதை மனத்தில் வைத்து, யார் எண்ணினார்கள், எவ்வளவு நேரம், மழையா வெயிலா என்பதையும் தாளின் மூலையில் எழுதுங்கள். மூன்று நான்கு ஆண்டுத் தாள் சேர்ந்ததும் அதன் நகலை வனத்துறைக்கும், நிலத்துக்காரருக்கும் கொடுங்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியச் செடிகளை அகற்றவும் வாழிடங்களை மீட்கவும் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. எங்கே எது முளைக்கிறது என்ற உங்கள் தாள் அந்த வேலைக்கு உதவும்.

கடைசியாக, குறிஞ்சி. நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. 2018இல் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தோம். பூத்து விதை விட்டதும் அந்தச் செடிகள் எல்லாம் செத்துப்போயின. அந்த விதையில் முளைத்தவை இப்போது சரிவுகளில் வெறும் பச்சைப் புதராக நிற்கின்றன. பூ இல்லாததால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதர் என்று வெட்டுகிறார்கள், தீ வைக்கிறார்கள். இது சட்டப்படி காக்கப்படும் செடி என்பது பலருக்குத் தெரியாது. எதிரெதிராக அமைந்த இலைகள், ஓரத்தில் ரம்பப் பல், இலையில் அழுத்தமாக ஓடும் நரம்பு என்று பூ இல்லாத குறிஞ்சியை ஒரு முறை தெரிந்தவரோடு போய்க் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். உங்கள் சதுரத்திலோ பக்கத்திலோ அது இருந்தால், "குறிஞ்சி, இத்தனை செடி, முழங்கால் உயரம், பூ இல்லை" என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.